ஓலை மடிப்பும் ஒன் படிப்பும்

வா பேராண்டி, உக்காரு. பேராதெனிக் கெம்பஸ்ல தாவரவியல் படிக்கிற ஆளு நம்ம லயத்து இஸ்தோப்புல எல்லாம் உக்காருவீங்களோ என்னமோ. சாக்கு விரிச்சிருக்கேன், களிசான் அழுக்காகாது. நேத்து டீக்கடையில நீ பேசுன பேச்சு அந்தானை மலை தாண்டிக் கேட்டுச்சாம்ல. முதலாளி ரொட்டிய ரெண்டா மடிச்சு தட்டுல போட்டாராம், நீ அதப் பாத்து "இது கண்டூப்ளிகேட்"னு சொன்னியாம். பாவம், அந்த மனுசன் 'டூப்ளிகேட்'ட மட்டும் காதுல வாங்கிகிட்டு, மாவுல கலப்படம்னு சொல்றான் பயன்னு கரண்டியோட எந்திரிச்சுட்டாராம். நல்லவேளை ஒங்க அப்பன் அங்க இருந்தான். படிப்பு அடி வாங்கிக் குடுக்கும்னு எனக்கு அந்தக் காலத்துலயே தெரியும், அதனாலதான் நான் அஞ்சாங் கிளாசோட நிப்பாட்டிக்கிட்டேன்.

கோவிச்சுக்காத. வார்த்தை மேல எனக்கு ஒரு பகையும் இல்ல. 'டிக்ஸிஸ்'னு ஒன்னு சொன்னியாமே, அத ஒன் புத்தகத்துலயே பாத்தேன். கிரேக்கத்துல இருந்து வந்துச்சாம், மடிப்புன்னு அர்த்தமாம். இங்கிலீசுல எழுதுறப்ப முன்னுக்கு ஒரு 'பி' நிக்குது, வாயால சொல்றப்ப அத காணோம். எனக்கு இது புதுசா? செக்ரோல்ல பேரு இருக்கும், மலையில ஆளு இருக்காது. தோட்டத்துல பரம்பரை பரம்பரையா பாத்ததுதான்.

ஆனா போடுற எடம் தெரிஞ்சு போடணும்யா. ஒரு எலை வெளிய வர்றதுக்கு முந்தி, மொட்டுக்குள்ள எப்புடி மடிஞ்சு கெடக்குது, எப்புடி சுருண்டு கெடக்குதுங்கிறதுக்குத்தான் அந்தப் பேரு. அதே மொட்டுக்குள்ள ஒரு எலை இன்னொரு எலை மேல எப்புடி ஏறிக் கெடக்குதுங்கிறது வேற கதை. பழைய புத்தகத்துல ரெண்டையும் ஒரே மூட்டையா கட்டி 'வெர்னேஷன்'னு போட்டுட்டுப் போயிருக்காங்க. நீ பரீட்சையில பிரிச்சு எழுது, மார்க்கு கூட விழும். ரொட்டிக்கு ரெண்டுமே பொருந்தாது. ரொட்டி மொட்டுல இருந்து வரல.

சரி, எங்க எங்க போடலாம்னு சொல்றேன், கேட்டுக்க. பின்பக்கம் வாழை நிக்குது பாரு, அதோட குருத்து சுருட்டுன பாய். அத மடிப்புன்னு சொன்னா வாத்தியாரு சிரிப்பாரு. ஓடை ஓரத்துப் பெரணி தலைய சுருட்டிகிட்டு வரும், அதுக்கு 'சர்சினேட்'. தாமரை எலை ரெண்டு ஓரத்தையும் உள்ளுக்கு சுருட்டி வச்சிருக்கும், அது 'இன்வொலூட்'. நடு நரம்புல ரெண்டா மடிஞ்சு முகத்தோட முகம் ஒட்டிக் கெடந்தா அதுதான் நீ ரொட்டிக்குக் குடுத்த பட்டம். எல்லாத்துக்கும் பேரு இருக்கு. எடின்பரோ தோட்டத்துல கல்லன்னு ஒருத்தரு 1978-ல பூக்குற செடி கொடி எல்லாத்துக்கும் இந்த மடிப்புக் கணக்கையே ஒரு பெரிய கட்டுரையா எழுதி வச்சிருக்காரு. வேல வெட்டி இல்லாதவருன்னு நெனைக்காத. பூ இல்லாத செடிய எந்த ஜாதின்னு கண்டுபிடிக்க குருத்து மடிப்பு ஒதவும்.

இதெல்லாம் வெரல விட்டு எண்ணிட்டுப் போற சமாச்சாரம். ஒனக்கு நான் காட்ட வேண்டியது பத்தையா பத்தையா, விசிறி மடிப்பு விழுற ஜாதி. ஒங்க பாசையில 'பிளிக்கேட்'. அதுக்குக் கண்டிச் சீமைய விட்டா வேற எடம் இல்ல. தென்னை, கமுகு, கித்துள், தாளிப்பனை, கீழ வடக்க போனா பனை, எல்லாம் அந்தக் குடும்பம்.

அந்தத் தென்னங்குருத்த எடு. கட்டுக்கலைப் பிள்ளையார் கோயில் தோரணத்துக்குன்னு ஒங்க மாமன் இறக்கிப் போட்டது, ஒன்னு கொறஞ்சா கோயில் இடிஞ்சுராது. பாரு, ஈட்டி மாதிரி ஒரே கம்பா இருக்கு. வெளியில பச்சை, உள்ளுக்குள்ள வெண்ணெய் நெறம். வெயிலே பாக்காத ஓலை. விரல வச்சு மெதுவா பிரி. ஒவ்வொரு கீத்தும் மூடிக் கெடக்கு, பக்கத்துக் கீத்தோட ஒட்டி ஒட்டி நெருக்கமா. பெரிய பெரிய ஓலை அம்புட்டும் இந்தக் கம்புக்குள்ள அடங்கியிருக்கு. இடம் பத்தலைன்னு லயத்துல ஒரு காம்பராவுக்குள்ள ஒம்பது பேர் படுக்குறோமே, இங்க எத்தனை கீத்து படுத்திருக்குன்னு எண்ணிக்க.

இப்ப நல்லா முத்துன தென்னங்கீத்து ஒன்னும், கித்துள் எலை ஒன்னும் கொண்டா. ரெண்டையும் குறுக்க வெட்டு. வெட்டு வாயப் பாரு. தென்னையில ஈர்க்கு மேல நிக்குது, ரெண்டு பக்கமும் கீழ சரியுது. கூரை. கித்துள்ல நடு நரம்பு கீழ கெடக்குது, ரெண்டு பக்கமும் மேல எழும்புது. நாம குளிக்கிற பீலி. கூரைக்கு 'ரிடூப்ளிகேட்', பீலிக்கு 'இன்டூப்ளிகேட்'. இதயும் போய் டீக்கடையில சொல்லிராத, அங்க இன்னும் கரண்டி சூடா இருக்கும்.

இத தெரிஞ்சுகிட்டா பாதிப் படிப்பு முடிஞ்ச மாதிரி. தென்னை, கமுகு, பெரிய தோட்டத்து வாசல்ல வரிசையா நிக்கிற ராயல் பாம், காலி மாத்தறை பக்கம் நட்டுகிட்டுப் போன எண்ணெய்ப் பனை, எல்லாம் கூரை. கித்துள், பனை, தாளிப்பனை, ஈச்சை, எல்லாம் பீலி. சீசெல்ஸ் தீவுல இருந்து வந்த ரெட்டைத் தேங்கா மரமும் பீலிதான், அது பனைக்குப் பங்காளி. மரத்த அண்ணாந்து பாக்க வேண்டியதே இல்ல. கீழ விழுந்து கெடக்குற ஒரு துண்டுக் கீத்தக் காட்டுனா எந்த வீட்டுப் புள்ளன்னு சொல்லிரலாம். நீ மூணு வருசமா படிக்கிறியே, கமுகங்கீத்த ஒருக்கா வெட்டிப் பாத்திருக்கியா? வெத்தலைக்குப் பாக்கு வாங்க மட்டும் நல்லாத் தெரியும்.

இன்னொன்னு சொல்றேன், இத கேட்டதும் ஒன் முகம் மாறும் பாரு. வேப்ப எலைக்குக் கீத்து கீத்தா சின்ன எலை இருக்குல்ல, அது ஒவ்வொன்னும் தனித் தனி மொளையா கெளம்பி வருது. தென்னங்கீத்து அப்புடி இல்ல. மொதல்ல ஒரே எலைதான். அந்த ஒத்த எலை குருத்துக்குள்ள பத்தை பத்தையா மடியுது, அதுக்கப்புறம் மடிப்பு ஓரத்துல பிரியுது. மேல் மடிப்புல பிரிஞ்சா பீலி மிஞ்சும், கீழ் மடிப்புல பிரிஞ்சா கூரை மிஞ்சும். அப்ப கீத்துங்கிறது தனியா பொறந்தது இல்ல, பாகம் பிரிச்சது. எங்க அண்ணன் தம்பி காணி பிரிச்ச மாதிரின்னு சொல்ல வந்தேன், ஆனா மரம் கோர்ட்டுக்குப் போகல பாரு.

நம்பலன்னா தென்னம்பிள்ளையப் பாரு. மொளைச்சு வர்ற புதுசுல எலை கீத்தே இருக்காது. அகலமா, முழுசா, மடிப்பு மட்டும் விழுந்து நிக்கும். நாத்து மேடையில வளர வளரத்தான் பின்னால வர்ற எலை பிரிய ஆரம்பிக்கும். சந்தையில நாத்து பொறுக்கத் தெரிஞ்ச கெழவன் எதை எடுப்பான் தெரியுமா? சீக்கிரமா ஓலை பிரிஞ்ச பிள்ளைய. அது தெடமா வரும்னு. அந்தக் கெழவனுக்கு 'பிளிக்கேட்'டும் தெரியாது, 'டிக்ஸிஸ்'சும் தெரியாது. இருந்தும் ஒங்க லெக்சரர் ஸ்லைடு போட்டுக் காட்டுறத அவன் சந்தையில குந்திகிட்டு வெரலால தடவிப் பாத்து எடுத்துருவான். சந்தைக் கெழவன் பெரியவனா, லெக்சரர் பெரியவரான்னு கேக்காத. நான் கெழவன் கட்சி, ஞாயம் சொல்ல மாட்டேன்.

ஆனா லெக்சரர் கட்சிக்கும் ஒரு வார்த்தை சொல்லணும். இந்த மடிப்பு எப்புடி விழுதுன்னு நூறு வருசத்துக்கு மேல படிச்சவங்க மல்லுக் கட்டியிருக்காங்க. ஒரு கூட்டம், எலைக்குள்ள சதை பிளந்துதான் மடிப்பு வருதுன்னுச்சு. இன்னொரு கூட்டம், பிளவே இல்ல, ஒரு எடம் வேகமாவும் ஒரு எடம் மெதுவாவும் வளர்றதால அது தானா நெளிஞ்சு மடியுதுன்னுச்சு. நம்ம தமிழ்நாட்டுல கே. பெரியசாமின்னு ஒரு தாவரவியல்காரரு 1962-ல இதுக்குன்னே ஒக்காந்து, பனை ஜாதிக் குருத்த சீவிச் சீவி மைக்ராஸ்கோப்புல பாத்து எழுதுனாரு. அப்புறம் 1982-ல கப்லானும் டெங்லருங்க ரெண்டு பேரும் கனடாப் பத்திரிகையில, மடிப்பு விழுறது வளர்ச்சி வித்தியாசத்தாலதான்னு காட்டுனாங்க. கீத்து பிரியிறது அதுக்குப் பின்னால நடக்குற தனி வேலை. இத நீ பரீட்சையில கலந்தடிச்சு எழுதாத. மொதல்ல மடியும், பொறகு பிரியும். அவ்வளவு பெரிய சண்டை எத்தாம்பெரிய குருத்துலன்னு நெனைக்கிற? மடிப்பு விழுற காலத்துல அந்த எலை நம்ம நகக்கண்ணு அளவு கூட இருக்காது.

விரியிறதும் மடிப்போட தயவுலதான். மடிப்பு வளைவுல இருக்குற செல்லுங்க தண்ணி குடிச்சு உப்பும், உப்புனதும் கீத்து தொறக்கும். வத்திப் போனா மறுபடி மடிச்சுக்கப் பாக்கும். வெளியில விசிறி விரிஞ்ச மாதிரி தெரியிது, உள்ள கீல் வேல செய்யிது.

கீலுன்னதும் ஞாபகம் வருது. தாளிப்பனைய பாத்திருக்கியா? சிங்களத்துல தல கஸ். நம்ம ஆளுங்க குடைப்பனைன்னும் சொல்லுவாங்க. லின்னேயஸ் வச்ச பேரும் அதான், 'கொரிஃபா அம்பிராகுலிஃபெரா', குடை தூக்கிங்கிற அர்த்தத்துல. விரிச்சா அஞ்சு மீற்றர் அகலம் வரைக்கும் போற ஒத்த ஓலை. அதோட மடிப்புக்குள்ள கண்டி ராச்சியத்து வரலாறே இருக்கு.

றொபட் நொக்ஸ்னு ஒரு வெள்ளக்காரன். 1660-ல கொட்டியாரத்துல கப்பல் நிறுத்தினப்ப ராஜசிங்க ராசாவோட ஆளுங்க அவனையும் அவன் அப்பனையும் புடிச்சுக்கிட்டு வந்துட்டாங்க. அப்பன் மறுவருசமே காய்ச்சல்ல செத்துப் போனாரு. மகன் பத்தொம்பது வருசம் கண்டி ராச்சியத்துல கெடந்தான். சும்மா கெடக்கல. தொப்பி பின்னி வித்தான், நெல்லு கடன் குடுத்து வட்டி வாங்குனான், கண்டிக்குப் பக்கத்துல எலதெத்தயில காணி வாங்கி வீடும் கட்டுனான். 1679-ல தப்பிச்சுப் போய், 1681-ல லண்டன்ல புத்தகம் போட்டான். அதுல தாளிப்பனைக்குன்னு எடம் ஒதுக்கியிருக்கான். ஒத்த ஓலைக்குக் கீழ பதினஞ்சு இருபது ஆளு மழைக்கு ஒதுங்கலாமாம். காஞ்சாலும் ஒடியாதாம். மடக்குனா விசிறியா சுருங்கி ஒரு கை மொத்தத்துக்கு வந்துருமாம், கனமும் இல்லியாம். சிப்பாய்ங்க ஆளுக்கு ஒன்னு எடுத்துகிட்டுப் போவாங்களாம். பகல்ல தலைக்கு மேல புடிச்சா வெயிலுக்கும் ஆச்சு, காட்டு முள்ளுக்கும் ஆச்சு. ராவுல ஊன்றிப் படுத்தா கூடாரம்.

யோசிச்சுப் பாரு. கண்டிச் சண்டையில போர்த்துக்கீசன் தோத்தான், ஒல்லாந்தன் தோத்தான், 1803-ல இங்கிலீஸ்காரனும் ஒருக்கா தோத்தான். மலை, காடு, மழை, காய்ச்சல் எல்லாம் காரணம்னு புத்தகத்துல எழுதியிருப்பாங்க. கூடாரத்த கக்கத்துல இடுக்கிகிட்டு ஓடுற பட்டாளத்த எப்புடிப்பா ஜெயிக்கிறது? இது என் சொந்த ஆராய்ச்சி, பரீட்சையில எழுதிராத.

அந்த மரம் முப்பது வருசத்துல இருந்து எம்பது வருசம் வரைக்கும் சும்மா வளரும். அப்புறம் உச்சியில ஒரே ஒருக்கா பூக்கும். உலகத்துலயே அவ்வளவு பெரிய பூங்கொத்து வேற மரத்துல கெடையாது, லட்சக் கணக்குல பூ. காய்ச்சதும் செத்துரும். பூ வாடை தாங்காம, வீட்டுக்குப் பக்கத்துல நின்னா சனங்க வெட்டிப் போட்டுருவாங்கன்னு நொக்ஸ் எழுதியிருக்கான். வாழ்நாள் பூரா சேத்து வச்சு ஒரே கல்யாணத்துல கரைச்சுட்டுப் போற ஆளுங்க நம்ம தோட்டத்துலயும் இருக்காங்க, பேரு சொல்ல மாட்டேன். ஒங்க அப்பன் காதுல விழும்.

அந்தக் குருத்த வேக வச்சு, காய வச்சு, மெருகு போட்டுத்தான் விகாரையில புஸ்கொலப் பொத்தகம் எழுதுனாங்க. ஏடு ஆகணும்னா மொதல்ல நடு ஈர்க்க உருவிப் போடணும். மடிப்பு இருக்குற வரைக்கும் எழுத்து ஓடாது. இங்க தாளிப்பனை ஏடு, வடக்க பனை ஏடு. ரெண்டும் பீலி ஜாதின்னு இப்ப ஒனக்குத் தெரியும். எழுதுனவங்களுக்கு அந்தப் பேரு தேவைப்படல.

தமிழனுக்கு இது தெரியாதுன்னு நெனைக்காத. தொல்காப்பியம் மரபியல்ல தென்னை பனை எல்லாத்தையும் மரம்னு சேக்கல. வெளியில வயிரம் இருந்தா புல்லு, உள்ள வயிரம் இருந்தா மரம்னு பிரிச்சு, ஓலை, மடல், ஈர்க்கு எல்லாத்தையும் புல்லு கணக்குல எழுதியிருக்கு. இன்னைக்கு ஒங்க புத்தகத்துல ஒத்த வித்திலைன்னு புல்லையும் பனையையும் ஒரே பக்கம் வைக்கிறீங்க. காரணம் வேற, பந்தி ஒன்னு. இதச் சொல்லி மேடையில மார் தட்டாத. புல்லு ஜாதின்னு பிரிச்சவன் மரத்த தட்டிப் பாத்துப் பிரிச்சான். நீ தட்டிப் பாக்கல.

இப்ப ஒனக்கு நான் சொல்ற புத்தி. பெரிய வார்த்தைய சபையில எறக்க முந்தி கையில ஒரு கீத்து வச்சுக்க. கீத்து இல்லாம பேசுனா கேக்குறவன் ஒன்னு தூங்குவான், இல்ல கரண்டி எடுப்பான். பொண்ணு பாக்கப் போற எடத்துல இந்தப் பேச்சு வேண்டவே வேண்டாம். "இந்தச் சேலை கொசுவம் பிளிக்கேட்"னு நீ சொல்லி, அவுக அத ஏதோ வியாதின்னு எடுத்துகிட்டா, நான் வந்து வைத்தியம் பாக்க முடியாது. நேர்முகப் பரீட்சையில மட்டும் சொல்லு. கேக்குறவருக்கும் தெரியாது, தெரியலன்னு ஒத்துக்கவும் மாட்டாரு. வேலை கெடைச்சாலும் கெடைக்கும்.

இன்னும் ஒன்னு. சபையில பேரு வாங்குற மடிப்பு வேற, வேலைக்கு ஆகுற மடிப்பு வேற. அந்தத் தோரணத்த ஒங்க மாமன் கட்டுறான் பாரு. நம்ம பக்கத்துல நல்ல காரியத்துக்கு ஓலையில நாலு குருவித்தலை மடிக்கணும், எழவு வீட்டுக்கு மூணு. ஒரே கீத்து, ஒரே கத்தி, மடிப்பு ஒன்னு கொறஞ்சா கல்யாண வாசல்ல ஒப்பாரி வச்ச கணக்கு. கிரேக்க வார்த்தை தெரியாமப் போனா மார்க்குதான் போகும். இந்த எண்ணிக்கை தெரியாமப் போனா ஊருக்குள்ள தலை காட்ட முடியாது. போய் அவனோட உக்காந்து பழகு. கீத்த கிழிக்கிறப்ப ஈர்க்கு எந்தப் பக்கம் நிக்குதுன்னும் பாத்துக்க, மறுபடி கேப்பேன்.

உருவுன ஈர்க்க குப்பையில போடாத. சேத்து வை, அப்பத்தாவுக்கு வெளக்குமாறு கட்டணும். ஒன் கூரை ஜாதிப் படிப்புல இந்த வீட்டுக்கு வந்த மொத லாபம் அதுவா இருக்கட்டும்.

மத்தியானத்துக்கு மேல பேராதெனித் தோட்டத்துப் பக்கம் போ. 1821-ல மூன்னு ஒரு வெள்ளக்காரரு தொடங்குனது, மகாவலி வளைஞ்சு ஓடுற அந்த மடியில இருக்கு. பனை வரிசை இருக்கு, ராயல் பாம் வரிசை இருக்கு, தாளிப்பனை இருக்கு, ரெட்டைத் தேங்காயும் இருக்கு. கூரையும் பீலியும் பக்கத்துப் பக்கத்துல நிக்கிற எடம் அது. கெம்பஸ் மாணவன்னு அடையாள அட்டைய காட்டு, வார்த்தைய காட்டாத. கீழ விழுந்த கீத்த மட்டும் பொறுக்கிப் பாரு. கத்தி கொண்டு போயிராத, அங்க ஒரு எலையையும் வெட்ட விட மாட்டாங்க.